குறுக்கே வராத நாய்

சரவணா,

சாப்பிட்ட பிறகு இதைப் படி. இன்னும் சாப்பிடவில்லை என்றால், சமையலறை மேடையில் மூடி வைத்திருக்கும் தட்டை முதலில் எடுத்துக்கொள். இரண்டு ராகி தோசை, கொத்தமல்லிச் சட்னி, ஒரு கிண்ணம் தயிர். நீயும் அம்மாவும் சிக்பேட்டையில் முகூர்த்தப் புடவை எடுத்து முடித்து மெட்ரோவில் திரும்ப மாலை ஐந்தாகும் என்று அம்மா சொல்லிவிட்டுப் போனாள். அதுவரை வீட்டில் நான் தனியாக இருக்கிறேன். நேரில் பேசினால் ஐந்தாவது வாக்கியத்தில் நான் விதி போட ஆரம்பிப்பேன். ஆறாவது வாக்கியத்தில் நீ "சரிப்பா" என்று சொல்லி எழுந்து போவாய். இருபத்தைந்து ஆண்டுகளாக நமக்குள் பேச்சு அப்படித்தான் நடந்து வந்திருக்கிறது. அதனால் எழுதுகிறேன். உன் திருமணத்துக்கு இன்னும் ஆறு வாரம் இருக்கிறது. ஆனால் இந்தக் கடிதம் திருமணத்தைப் பற்றியது அல்ல. திருமணத்தன்று நீ உயிரோடு இருப்பதைப் பற்றியது. மிகைப்படுத்திப் பேசும் பழக்கம் எனக்கு இல்லை என்பது உனக்குத் தெரியும்.

நான் கவனித்ததை முதலில் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். கடைகளின் தராசுகளைச் சோதித்து முத்திரை இடும் அரசு வேலையில் இருபத்தாறு ஆண்டுகளைக் கழித்தவன் நான். எதிலும் ஒரு குறைவு தெரிந்தால் என் கண் அங்கேயே நின்றுவிடும். உன் இடுப்பு வாரில் ஆணியால் குத்திய மூன்று புதிய துளைகள் இருக்கின்றன. குளியலறை வடிகாலில் உன் தலைமுடி பந்தாகச் சேர்கிறது. நிச்சயதார்த்தத்தில் போட்ட மோதிரத்தை நூல் சுற்றி அணிந்திருக்கிறாய். வெயில் கொளுத்தும் மதியத்திலும் உன் கை சில்லென்று இருக்கிறது. சென்ற வெள்ளிக்கிழமை பூஜை முடிந்து எழுந்தபோது கதவின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாய். நான் மனதுக்குள் எண்ணினேன், பதினொன்று வரை வந்தது. அம்மா "என்னடா?" என்று கேட்டதற்கு, "ஒண்ணுமில்லம்மா, சும்மனே நின்னேன்" என்றாய். உன் கைப்பேசியில் பட்டினி கிடந்த மணி நேரத்தை எண்ணிக் காட்டும் அந்தச் செயலியை நான் தேடிப் பார்க்கவில்லை. சாப்பாட்டு மேசையில் அது தானே ஒளிர்ந்தது. நாற்பத்தொரு மணி என்று காட்டியது.

பிறகு அல்சூரில் உன் திருமணக் கோட்டுக்கு அளவு எடுத்த பாஷா பாய் என்னை அழைத்தார். நம் வீட்டுக்கு இருபது ஆண்டுகளாகத் தைப்பவர். ஒரு முறைகூடத் தானாகத் தொலைபேசியில் அழைத்தவர் அல்லர். "சார், தப்பா நெனச்சுக்காதீங்க. தம்பிக்கு நானு டேப்பு வெச்சேன், இடுப்பு நாப்பது வந்துச்சு. முப்பத்தாறு போட்டுத் தைங்க பாய், நான் வந்துடுவேன்னு சொல்றாரு. துணிக்காக மனுசன் வெட்டிக்கக் கூடாது சார். மனுசனுக்காகத்தான் நாங்க துணி வெட்டறோம்." நான் சிரித்து மழுப்பினேன். அன்றே நேரில் போய் நாற்பதுக்கே தைக்கச் சொல்லியிருக்க வேண்டும். போகவில்லை. உனக்கு மனவுறுதி இருக்கிறது என்று கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

உடல் எடையை நீ குறைக்க வேண்டியதில்லை என்று நான் சொல்லவில்லை. நீ தொடங்கியபோது இருந்த தொண்ணூற்றாறு கிலோ உன் உயரத்துக்கு அதிகம்தான். உன் அலுவலகத்துப் பரிசோதனையில் ஈரலில் கொழுப்பு என்றும், சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது என்றும் எழுதியிருந்ததை நானும் படித்தேன். என் அப்பா ஐம்பத்தோராவது வயதில், பேருந்தில் உட்கார்ந்தபடியே உயிர் விட்டவர். எனக்கு இப்போது ஐம்பது நடக்கிறது. நம் குடும்பத்து ஆண்களுக்கு இந்த விஷயத்தில் அலட்சியம் கட்டுப்படியாகாது. ஆனால் ஏழு வாரத்தில் பதின்மூன்று கிலோ இறக்கியிருக்கிறாய். அந்த வேகம் எங்கே கொண்டுபோய்ச் சேர்க்கும் என்பதை நம் வீட்டில் ஒருவன் முன்பே போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறான். அதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

சென்ற செவ்வாய்க்கிழமை முழங்கை தேய்ந்து, பேண்ட் கிழிந்து வீட்டுக்கு வந்தாய். என்ன ஆயிற்று என்று கேட்டேன். "வண்டி ஸ்கிட் ஆயிடுச்சுப்பா. நாய் குறுக்க வந்துடுச்சு." நான் இன்னொரு கேள்வியும் கேட்டேன். உனக்கு நினைவிருக்கும். "என்ன நிறம்?" நீ என் முகத்தை நேராகப் பார்த்துக்கொண்டு சொன்னாய்: "கறுப்பு." பிறகு உள்ளே போய்விட்டாய். நான் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே வெகுநேரம் நின்றேன்.

மறுநாள் அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு தொம்மலூர் மேம்பாலத்துக்குக் கீழே, நீ விழுந்ததாகச் சொன்ன இடத்துக்குப் போனேன். பேருந்து நிறுத்தத்தை ஒட்டி ஒரு டீக்கடை இருக்கிறது. கடைக்காரப் பெண்மணியிடம் நேற்று இங்கே விழுந்த பையனின் அப்பா என்று சொன்னேன். "நாயா? நாயி எங்க சார் வந்துச்சு? வண்டி அதுபாட்டுக்குச் சாஞ்சுது. தம்பி ஹேண்டில் பாரையே விட்டுட்டாரு, தூங்கறவரு மாதிரி. பின்னாடியே தண்ணி டேங்கர் வந்துச்சு. அவன் பிரேக் புடிச்ச சத்தத்துல நானு பால் பாத்திரத்தக் கவுத்துட்டேன்." எவ்வளவு தூரத்தில் வண்டி நின்றது என்று கேட்டேன். அவர் கடைக்கு முன்னால் கிடந்த பெஞ்சைக் காட்டினார். "இதோ, இவ்ளோதான்." அளவு நாடா எப்போதும் என் பையில் இருக்கும். அந்தப் பெஞ்சை அளந்தேன். நாலரை அடி. "பயத்துல அளக்கறீங்க, பாவம்," என்று சொல்லி அவர் எனக்கு ஒரு டீ கொடுத்தார். அதைக் குடிக்க என்னால் முடியவில்லை.

இப்போது பதினாறு ஆண்டுகளுக்கு முன்னால் நடந்ததைச் சொல்கிறேன். எனக்கு முப்பத்து நான்கு வயது, எடை எண்பத்தெட்டு. அலுவலக மருத்துவர் பன்னிரண்டு கிலோ குறைக்கச் சொன்னார். எத்தனை நாளில் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மூன்று மாதம் என்று நானே தேதி குறித்துக்கொண்டேன். வீட்டுக்கு எடை பார்க்கும் இயந்திரம் ஒன்று வாங்கி, அலுவலகத்திலிருந்து இருபது கிலோ இரும்புப் படிக்கல்லை ஒரு நாள் கொண்டுவந்து அதன் மேல் வைத்துச் சோதித்தேன். ஞாயிறுதோறும் குளிப்பதற்கு முன், மூன்று பேரும் வரிசையாக அதில் ஏற வேண்டும் என்பது விதி. பீரோ கதவின் உட்புறம் ஒட்டிய தாளில் மூன்று பத்திகள்: நான், அம்மா, நீ. அம்மா முதல் ஞாயிறே கேட்டாள்: "நாங்க என்ன அரிசி மூட்டையா?" நான் சிரிக்கவில்லை. அளக்கப்படாத எதையும் திருத்த முடியாது என்று விளக்கினேன். ஒன்பது வயதுப் பிள்ளை நீ. இயந்திரத்தில் ஏறி, முள் நிற்கும் வரை மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பாய். மூச்சுக்கு எடை இல்லை என்று உனக்குச் சொல்லிக்கொடுத்தேனே தவிர, நீ ஏன் மூச்சை அடக்குகிறாய் என்று ஒரு முறைகூட யோசிக்கவில்லை.

நான் காலை உணவை விட்டேன். பிறகு இரவு உணவை. கடைசி மாதத்தில் வாரத்தில் இரண்டு நாள் மோர் மட்டும். எடை இறங்கியது. எல்லோரும் பாராட்டினார்கள். ஒரு சனிக்கிழமை காலை, பள்ளிக்கு அரை நாள், உன்னை ஸ்கூட்டரின் பின்னால் உட்காரவைத்து அல்சூர் ஏரிச் சாலையில் போய்க்கொண்டிருந்தேன். முதல் நாள் காலையிலிருந்து மோரைத் தவிர எதுவும் உள்ளே போகவில்லை. என் கண்ணில் சாலை ஓரங்களிலிருந்து கறுத்துக்கொண்டு வந்தது. வண்டியை நிறுத்த வேண்டும் என்று நினைத்தேன். அந்த நினைப்பு கைக்குப் போய்ச் சேரவில்லை. அடுத்து எனக்குத் தெரிந்தது தரையும் உன் அழுகையும்தான். ஸ்கூட்டர் உன் இடது கையின் மேல் கிடந்தது. மணிக்கட்டு முறிந்திருந்தது, தாடை கிழிந்து சட்டை முழுவதும் இரத்தம். நீ என்னைப் பார்த்து, "அப்பா, தூங்கிட்டியா?" என்று கேட்டாய்.

நாய் எதுவும் குறுக்கே வரவில்லை, சரவணா.

மருத்துவமனைக்கு அம்மா ஓடி வந்து, "எப்படிங்க ஆச்சு?" என்றபோது அந்தச் சொல் என் வாயிலிருந்து தானாக வந்தது. "நாய்." அவள் "எந்த நாயி?" என்றாள். கறுப்பு நாய் என்றேன். முன்னங்கால் ஒன்று வெள்ளை என்றேன். அளவில் துல்லியமாக இருந்து பழகியவன், பொய்யிலும் துல்லியமாக இருந்தேன். அதனால்தான் எல்லோரும் அதை நம்பினார்கள். தாடையில் ஐந்து தையல் போட்டுக்கொண்டு படுத்திருந்த நீ, அம்மா முகத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாய்.

இதைவிடக் கேவலமானதும் ஒன்று உண்டு. இரண்டு மாதம் கழித்து, தெருநாய்களைப் பிடிக்கும் வண்டி நம் தெருவுக்கு வந்தது. அண்டை வீட்டுக்காரர் உன் கைக்கட்டைப் பார்த்துவிட்டு, "எந்த நாய்டா கண்ணா உன்னைத் தள்ளுச்சு?" என்று விளையாட்டாகக் கேட்டார். நீ முதலில் என்னைப் பார்த்தாய். பிறகு, மூலையில் படுத்திருந்த கறுப்புப் பெட்டையைக் கைகாட்டி, "அதுதான்" என்றாய். அதன் நான்கு காலும் கறுப்பு. அதை வலையில் இழுத்துப் போனார்கள். திரும்பி வரவே இல்லை. நான் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன். அன்று நீ என்னைக் காப்பாற்றினாயா, இல்லை நான் சொன்னதை உண்மையிலேயே நம்பியிருந்தாயா? கேட்கும் துணிவு எனக்கு வந்ததில்லை. செவ்வாய்க்கிழமை நீ "கறுப்பு" என்று சொன்னபோது பதில் கிடைத்துவிட்டது போல் இருந்தது: உனக்கு அன்றே தெரிந்திருக்கிறது.

அந்தப் பன்னிரண்டு கிலோவும் பதினான்கு மாதத்தில் திரும்பி வந்தன. கூடவே இன்னும் மூன்று. அப்போதும் நான் தாளைக் கிழிக்கவில்லை, இயந்திரத்தை எடுக்கவில்லை. உனக்குப் பதின்மூன்று வயதில், எடை பார்க்கும்போது சுவரில் ஒரு விரலை ஊன்றிக்கொண்டு நின்றாய். விரல் ஊன்றினால் முள் குறைவாகக் காட்டும். சந்தையில் நான் தினமும் பிடிக்கும் திருட்டு. வீட்டுக்கு வந்திருந்த உன் மாமா, அத்தை எல்லோருக்கும் முன்னால், "பாருங்கள், என் வீட்டிலேயே ஒரு கள்ளத் தராசு!" என்று சொல்லிச் சிரித்தேன். அவர்களும் சிரித்தார்கள். அன்று முதல் நீ எங்களோடு உட்கார்ந்து வயிறாரச் சாப்பிட்டதில்லை. பள்ளிப் பையின் அடியில் பேக்கரி பப்ஸின் துகள்களை அம்மா உதறிக்கொண்டே இருந்தாள். மேசையில் குறைத்ததை நீ ஒளிந்து தின்றாய். தொண்ணூற்றாறு கிலோவில் பாதியை நான்தான் உனக்கு ஊட்டினேன் என்று நினைக்கிறேன்.

அம்மாதான் அதை முடித்துவைத்தாள். ஒரு ஞாயிறு காலை இயந்திரத்தைத் தூக்கிப் பரண்மேல் போட்டுவிட்டு, "இனிமே எழுதாதீங்க. எங்ககூட ஒக்காந்து சாப்பிடுங்க, அது போதும்," என்றாள். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் உட்கார்ந்தேன். இரவுச் சாப்பாடு எட்டு மணிக்கு முன், தொலைக்காட்சியை அணைத்துவிட்டு என்று அவள் ஒரு வழக்கம் கொண்டுவந்தாள். சோறு ஒரு கரண்டி குறைந்தது. அந்த இடத்தில் பொரியல் வந்தது. காபியில் சர்க்கரையை அரை அரைக் கரண்டியாகக் குறைத்தாள். எப்போது முழுதாக நின்றது என்றே எனக்குத் தெரியாது. சாப்பிட்டதும் தெருக்கோடி வரை இருவரும் நடப்போம். மழை நாளில் மாடிப்படியில். காலை உணவு ஒரு நாளும் தவறாது. நான் அலுவலகத்துக்கு ஒரு நிறுத்தம் முன்னால் இறங்கி நடந்தேன். உறவினர் வீட்டு விருந்தில் போளி கொடுத்தால் ஒன்று தின்றுவிட்டு அடுத்த வேளை வழக்கத்துக்குத் திரும்பினேன். பாவம் செய்தவனைப் போல மறுநாள் பட்டினி கிடக்கவில்லை. பதினோரு கிலோ குறைந்தது. ஏறக்குறைய நான்கு ஆண்டு ஆயிற்று. அது திரும்பி வரவில்லை. அதை யாரும் பாராட்டவும் இல்லை, ஏனென்றால் யாருக்கும் கண்ணில் படவில்லை. அந்த மேசைக்கு வரும்படி உன்னை நான் அழைத்திருக்க வேண்டும். உனக்கு அப்போது பதினைந்து வயது. அறைக் கதவை மூடிக்கொண்டாய். வற்புறுத்தக் கூடாது என்று, வாழ்க்கையில் முதல் முறையாக, தவறான இடத்தில் விதியைத் தளர்த்தினேன்.

திவ்யாவோடு நீ தொடங்கப்போகும் குடும்பத்தில் இருவருக்கும் வேலை இருக்கும், இருவரும் களைத்து வருவீர்கள். ஆளுக்கொரு நேரத்தில் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு சாப்பிட ஆரம்பித்தால் எடையும் ஏறும், வேறு சிலவும் ஏறும். நாளுக்கு ஒரு வேளையாவது எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுங்கள். நறுக்குகிறவள் அவள் என்றால் தாளிக்கிறவன் நீயாக இரு. பிள்ளை பிறந்து தூக்கம் கெடும் காலத்தில் அதைத் தோளில் போட்டுக்கொண்டு நட. உனக்கும் நடை, அவளுக்கும் அரை மணி ஓய்வு. அவளை ஒருபோதும் எடைபோடாதே. உன் பட்டினிக்கு அவளைச் சாட்சியாக வைக்காதே. கோட்டைப் பற்றிக் கவலைப்படாதே. இன்று காலை பாஷா பாயிடம் நேரில் போய் நாற்பதுக்கே தைக்கச் சொல்லிவிட்டேன், உள்ளே பிடித்துத் தைக்க இடம் விட்டு. "இப்பத்தான் சார் அப்பா மாதிரி பேசறீங்க," என்றார்.

நம் மருத்துவரம்மாவிடம் நேற்று உன் நிலைமையைச் சொன்னேன். அவர் குரல் மாறியதை நான் கேட்டேன். "பசி மயக்கம்னு விட்டுடாதீங்க. இப்படிப் பட்டினி கிடந்தா ரத்தத்துல உப்புச் சத்து எறங்கும். எறங்கினா ஹார்ட்டே தாளம் தப்பும். அது சொல்லிட்டு வராது சார். திங்கட்கிழமை காலைல மொதல் ஆளா கூட்டிட்டு வாங்க. டெஸ்ட் பார்க்கற வரைக்கும் அவரு வண்டியத் தொடவே கூடாது." விருந்து போல் ஒரேயடியாகச் சாப்பிடவும் கூடாதாம்; கொஞ்சம் கொஞ்சமாக. இடையில் மயக்கம் வந்தால் திங்கள் வரை காத்திருக்காமல் உடனே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும் என்றார். இதை உன்னிடம் இன்று காலையிலேயே சொல்லத்தான் வந்தேன். நீ அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தாய். நாளை காலை எட்டு மணிக்குத் திவ்யாவை அவள் வீட்டிலிருந்து பைக்கின் பின்னால் ஏற்றிக்கொண்டு, ஓசூர் வரை போய் அவளுடைய தோழிகளுக்கு அழைப்பிதழ் கொடுக்கப் போவதாகச் சொன்னாய். அம்மா "ஹெல்மெட் ரெண்டு எடுத்துட்டுப் போடா" என்றாள். அவளுக்குத் தெரிந்த ஆபத்து அவ்வளவுதான். நான் கதவுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தேன். ஓசூர்ச் சாலையில் ஞாயிற்றுக்கிழமையும் லாரிகள் ஓய்வதில்லை.

உன் வண்டிச் சாவி இப்போது என் எதிரில், ஆணியில் தொங்குகிறது. அதை ஒளித்துவைக்க மாட்டேன். ஒளித்தால் நீ இன்னொருவர் வண்டியை வாங்கிக்கொண்டு போவாய். என் வீட்டில் ஒளிப்பதற்குப் பழகிய பிள்ளை நீ. அம்மாவிடம் நான் இன்று மாலையே எல்லாவற்றையும் சொல்லப்போகிறேன், அல்சூர் ஏரிச் சாலை உட்பட. திவ்யாவிடம் இன்னும் சொல்லவில்லை. அதைச் சொல்ல வேண்டியவன் நீ. சொல்வதற்கு நாளைக் காலை எட்டு மணி வரை உனக்கு நேரம் இருக்கிறது.

ஏழே முக்காலுக்கு நான் அவள் வீட்டு வாசலுக்கு எதிர்ப்புறம் நின்றிருப்பேன். நீ பேருந்திலோ ஆட்டோவிலோ வந்து இறங்கினால், ஒரு வார்த்தையும் பேசாமல் திரும்பிவிடுவேன். நீ என்னைப் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவும் வேண்டாம். வண்டியில் வந்தால், தெருவைக் கடந்து வந்து, அவள் பின்னால் ஏறி உட்காருவதற்கு முன் அவளிடம் நானே சொல்லிவிடுவேன். அதற்குப் பிறகு நீ என்னோடு பேசாமல் போகலாம். அதை நான் ஏற்றுக்கொள்கிறேன்.

அப்பா